எந்தப் பிலோக்செனோஸ்?

கித்திரா தீவு,
மாதா திருநாள் கழிந்த வாரம்.

சிட்னி மாநகரில் மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகளோடு சீரும் சிறப்புமாக வாழ்ந்துவரும் பெருமதிப்பிற்குரிய மச்சான் மினாஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை மிர்சினியின் கணவன் பிலோக்செனோஸ் தலைவணங்கி எழுதிக்கொள்வது. மாதாவின் கருணையால் இங்கே எல்லோரும் சுகம். இந்த வருஷம் ஆலிவ் நன்றாகக் காய்த்திருக்கிறது. என் முழங்கால் வலி பழையபடியே இருக்கிறது. உங்கள் தங்கை நல்ல ஆரோக்கியத்தோடும் மிகுந்த உற்சாகத்தோடும் இருக்கிறாள். அந்த உற்சாகத்தைப் பற்றிப் புகார் சொல்லத்தான் இந்தக் கடிதம். டெலிபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் டெலிபோன் சமையலறையில் இருக்கிறது, அவளும் சமையலறையில்தான் இருக்கிறாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் திரும்பி வந்துவிட்டான்.

எவன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் பெரியப்பா ஸ்த்ராத்திஸின் மகன், பிலோக்செனோஸ். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று பெரியப்பா வைத்தார். அதே வருஷம் நான் பிறந்தபோது என் அப்பா வ்ரெத்தோஸ், தனக்கும் அவர்தானே அப்பா என்று எனக்கும் அதையே வைத்தார். ஆக ஒரே பெயர், ஒரே குடும்பப் பெயர், ஒரே தெரு. ஊரார் பிழைக்க வேண்டுமே, அவனை நெட்டை பிலோக்செனோஸ் என்றும் என்னைக் குட்டை பிலோக்செனோஸ் என்றும் பிரித்துக்கொண்டார்கள். நான் அப்படியொன்றும் குள்ளமில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அவன்தான் தேவைக்கு மேல் வளர்ந்தவன். எங்கள் கல்யாணம் முடிந்த மறு வருஷம் அவன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினான். அன்றோடு என் அடைமொழி உதிர்ந்தது. அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் நான் வெறும் பிலோக்செனோஸாக வாழ்ந்தேன் மச்சான். மின்சார மீட்டர் பார்க்க எந்த வீட்டு வாசலில் நின்றாலும் பிலோக்செனோஸ் வந்திருக்கிறார் என்று உள்ளே குரல் கொடுப்பார்களே தவிர, எந்தப் பிலோக்செனோஸ் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தச் சுகம் உங்களுக்குப் புரியாது. மினாஸ் என்ற பெயரில் தெருவுக்கு நாலு பேர், உங்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழகிப்போயிருக்கும்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவன் கப்பலிலிருந்து இறங்கினான். மனைவி போன பிறகு குவீன்ஸ்லாந்தில் நடத்திக்கொண்டிருந்த ஹோட்டலைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, இனி மிச்சக் காலம் பிறந்த மண்ணில்தான் என்று வந்துவிட்டானாம். வந்தவன் தலையில் முடி முழுவதும் இருக்கிறது மச்சான். வெள்ளைதான், ஆனால் முழுவதும் இருக்கிறது. காலையில் அவன் வந்தான், சாயங்காலம் ரொட்டிக் கடைக்காரன் என்னைப் பார்த்து, "குட்டை, வழக்கம்போலத்தானே?" என்றான். அந்தப் பயல் பிறக்கும்போது நான் வெறும் பிலோக்செனோஸ். அவனுக்கு இந்தக் குட்டையை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? காற்றிலேயே இருந்திருக்கும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லவே எனக்கு மூச்சு வாங்குகிறது. மருந்துக் கடையில் என் ரத்தக்கொதிப்பு மாத்திரையை அவனுக்குக் கொடுத்துவிட்டு அவனுடைய தலைமுடித் தைலத்தை என்னிடம் கொடுத்தார்கள், நானும் ஒன்றும் கேட்காமல் அதைக் கொஞ்ச நாள் தேய்த்துப் பார்த்தேன், தலையணை உறைதான் மஞ்சளானது. ஏதென்ஸிலிருந்து என் மகள் அனுப்பிய குளிர்கோட்டைக் கப்பல் ஆபீஸில் அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள், அவன் போட்டுப் பார்த்துக் கை பத்தவில்லை என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான், அந்தச் சிரிப்பு எனக்குத் தேவையா? காபிக் கடையில் யாராவது பிலோக்செனோஸுக்கு ஒரு காபி என்று சொன்னால் தட்டு என்னைத் தாண்டிப் போகிறது. பாதிரியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பேரைச் சொல்லி, தூர தேசத்திலிருந்து பத்திரமாகத் திரும்பியதற்காக ஸ்தோத்திரம் செய்தார். நான் இந்தத் தீவை விட்டு பிரேயஸ் துறைமுகத்துக்குப் போய்வந்ததே பல் பிடுங்கத்தான்.

இதெல்லாம்கூடப் போகட்டும், பங்காளிக் காய்ச்சல் என்று நீங்கள் சிரிப்பீர்கள். கலிரோயி டீச்சர் சும்மா இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டீச்சரம்மாள் ஊர்க் கலாசாரச் சங்கத்துக்குத் தலைவியாகிவிட்டாள். ஒரே ஊரில் இரண்டு பிலோக்செனோஸ் சேர்ந்திருப்பது அபூர்வம், அந்தப் பெயரின் பெருமையை ஊர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பழைய பள்ளிக்கூடத்தில் ஒரு சொற்பொழிவு வைத்தாள். எங்கள் இருவரையும் முன்வரிசையில் உட்கார வைத்தாள். மிர்சினி எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். யார் அவளை அங்கே உட்காரச் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டீச்சர் சொன்னதன் சாரம் இதுதான். இரண்டாயிரத்து முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முன்னால் நம்முடைய கித்திராவிலேயே பிறந்த ஒரு பிலோக்செனோஸ் பெரிய கவிஞனாம். சிரகூஸ் நகரத்துக் கொடுங்கோல் மன்னன் தான் எழுதிய கவிதையைப் படித்துக்காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னானாம். மன்னன் அவனைக் கல் உடைக்கும் குழிக்கு அனுப்பினான். பிறகு மனமிரங்கி வரவழைத்து இன்னொரு கவிதையைப் படித்தானாம். கவிஞன் கேட்டுவிட்டுக் காவலர்கள் பக்கம் திரும்பி, என்னைக் கல்குழிக்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்றானாம். சபையில் கைதட்டல் ஓயவில்லை. இன்னொரு பிலோக்செனோஸ் எரெத்ரியா ஊர்க்காரன், ஓவியன், அலெக்சாண்டர் சண்டையையெல்லாம் தீட்டினவன். அவனை இங்கே யாரும் சொந்தம் கொண்டாடவில்லை, எங்கள் இருவருக்கும் ஒரு சுவருக்கு ஒழுங்காகச் சுண்ணாம்பு அடிக்கத் தெரியாது. மூன்றாவது பிலோக்செனோஸ் ஏதென்ஸ் பக்கத்து ஆள். அவன் செய்த சாதனை, தின்றது. ஒவ்வொரு வாயும் இறங்க இறங்க நெடுநேரம் ருசிக்க வேண்டும் என்பதற்காகத் தனக்குக் கொக்கின் கழுத்தைக் கொடு என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டானாம். பழங்காலத்திலேயே கவிஞனையும் தின்னியையும் குழப்பி, இவன் கதையை அவன் தலையிலும் அவன் கதையை இவன் தலையிலும் கட்டிவிட்டார்கள் என்று டீச்சர் சொன்னாள். நம் ஊர்க்காரர்கள் அந்தக் குழப்பத்துக்கு இடமே வைக்கவில்லை. மறுநாள் காலை நான் காபிக் கடைக்குப் போனேன். கடைக்கார கோஸ்மாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"கவிஞர் அந்தப் பக்கம் உக்காந்திருக்கார். தின்னி, நீ இப்படி அடுப்புப் பக்கமா வா."

அவன் ஹோட்டல் நடத்தினவன், ஆயுள் முழுக்கப் பொரித்தும் வறுத்தும் விற்றவன், அவன் கவிஞன். நான் வெயிலிலும் மழையிலும் மீட்டர் பார்த்து நடந்தவன், நான் தின்னி. இது எந்த ஊர் நியாயம்? அந்தக் கவிஞன் கல்குழிக்குப் போனது கவிதையால் அல்ல, மன்னன் வீட்டுப் பெண் ஒருத்தி மேல் கண் வைத்ததால்தான் என்று இன்னொரு கதையும் உண்டாம். டீச்சர் அதைச் சொன்னபோது சபையே சிரித்தது. மிர்சினியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பிறகு சிலை வந்தது. நம் ஊர்க் கவிஞனுக்கு நம் சதுக்கத்தில் ஒரு மார்பளவுச் சிலை வேண்டும் என்று சங்கம் முடிவு செய்து ஏதென்ஸிலிருந்து ஒரு சிற்பி அம்மாளை வரவழைத்தார்கள். அந்தக் கவிஞன் எப்படி இருந்தான் என்று யாருக்கும் தெரியாது, ஆகையால் இந்த மண்ணில் பிறந்த ஒரு முகத்தை மாதிரியாக வைத்துச் செய்கிறேன் என்று அந்த அம்மாள் சொன்னாள். நான் ஒன்றும் ஆசைப்பட்டுப் போகவில்லை. அந்தப் பக்கமாகப் போனேன், சும்மா பக்கவாட்டில் நின்றேன், அவ்வளவுதான். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்து மரியாதையாகவே சொன்னாள். "உங்க மூக்கு நல்ல மூக்குதான் ஐயா. ஆனா கவிஞர் மூக்கு இல்ல. அந்தச் சாப்பாட்டுப் பிரியருக்குச் சிலை வெச்சா கட்டாயம் சொல்லி அனுப்புறேன்." நெட்டையன் அப்போது ஜன்னல் வெளிச்சத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அவன் மூக்கும் எங்கள் தாத்தா மூக்குதான். அதே மூக்கு. அவனுடையது கொஞ்சம் வெயில் படாத மூக்கு, அதுதான் வித்தியாசம்.

இப்போது உங்கள் தங்கை விஷயம். மாவைச் சுருட்டிப் பொரித்துத் தேன் ஊற்றுகிற செரோதிகானா பலகாரத்தை அவள் கல்யாணத்துக்கும் பெரிய திருநாளுக்கும்தான் செய்வாள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கோடையில் வாராவாரம் செய்தாள். முதல் தட்டு அவன் வீட்டுக்குப் போகிறது, உடைந்த துண்டுகள் எனக்கு வருகின்றன. கேட்டால், "அவரு தனியா இருக்காரு, அதுவுமில்லாம விருந்தாளி. உங்க பேருக்கே விருந்தாளிய விரும்புறவன்னுதானாம் அர்த்தம், டீச்சர் சொன்னாங்களே" என்கிறாள். விருந்தாளிக்கும் அதே பெயர்தானே, அவனும் என்னை விரும்பட்டுமே என்றேன். அவள் அடுத்த மாவைச் சுருட்டப் போய்விட்டாள். காதில் சிவப்புக் கல் தோடு போட்டிருக்கிறாள். பட்டை, கிராம்பு போட்ட ஃபதுராதா மதுவை என் அப்பா காலத்துக் குப்பியிலிருந்து அவனுக்கு ஊற்றினாள். அவன் வாசலில் நின்று ஏதோ சொன்னான், அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் மகள் ஞானஸ்நானத்தில் பாதிரியார் தண்ணீர்த் தொட்டியில் வழுக்கியபோது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

அன்றைக்குத்தான் மச்சான், எனக்கு அந்த ஆலிவ் மரம் ஞாபகம் வந்தது.

நான் பெண் கேட்டு உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் தோப்புக்குப் போனீர்கள். மிர்சினி மரத்து மேல் நின்று கோலால் காய் தட்டிக்கொண்டிருந்தாளாம். நீங்கள் கீழே நின்று, பிலோக்செனோஸ் பெண் கேட்கிறான், சம்மதமா என்று கத்தினீர்களாம். சம்மதம் என்று மேலேயிருந்து குரல் வந்ததாம். எங்கள் கல்யாண விருந்தில் நீங்களே இதை எழுந்து நின்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள், நானும் சிரித்தேன். அப்போது நான் யோசிக்கவில்லை. அந்தச் சமயம் நெட்டையனும் ஊரில்தான் இருந்தான். அவனுக்கும் கல்யாணமாகவில்லை. அவன் தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுவான், நான் பின்வரிசையில் வாயசைப்பேன். ஆகவே உங்களை நேரடியாகவே கேட்கிறேன். அன்றைக்கு நீங்கள் ஸ்த்ராத்திஸ் மகன் பிலோக்செனோஸ் என்று சொன்னீர்களா, வ்ரெத்தோஸ் மகன் பிலோக்செனோஸ் என்று சொன்னீர்களா, அல்லது தகப்பன் பேரே சொல்லாமல் மொட்டையாகக் கத்தினீர்களா? மொட்டையாகத்தான் கத்தினீர்கள் என்றால் உங்கள் தங்கை யாருக்குச் சம்மதம் சொன்னாள்? நான் இத்தனை வருஷம் யாருடைய கல்யாணத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன்?

இந்தக் கேள்வியை மனதில் சுமந்துகொண்டுதான் நான் சிலை திறப்புக்குப் போனேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஊரில் வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் காதுக்கும் அது வந்து சேரும். நடந்தது இதுதான். மாதா திருநாளுக்கு மறுநாள், சதுக்கத்தில் பேண்டு வாத்தியம், கொடி, எல்லாம். இப்போதைக்குச் சாந்துச் சிலைதான், பளிங்குச் சிலை பின்னால் வரும். மேலே நீலத் துணி போர்த்தியிருந்தது. நெட்டையன் பேச எழுந்தான், பாதிப் பேச்சில் வார்த்தை மறந்துபோய் நின்றான். பேச்சு முடிந்தது என்று நினைத்துப் பேண்டு வாசித்துவிட்டது. டீச்சர் கயிற்றை இழுத்தாள், துணி எதிலோ மாட்டிக்கொண்டு வரவில்லை. பக்கத்தில் நின்றவன் நான். உதவி செய்யத்தான் கை நீட்டினேன். கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டேன். துணி வந்தது, துணியோடு மூக்கும் வந்தது. உருண்டு போய்ப் பெரிய மேளத்தின் கீழே நின்றது.

ஊரே என்னைப் பார்த்தது. மூக்கு உடைந்தது கவிஞனுக்கு, மூக்கு உடைபட்டு நின்றது நான். சிற்பி அம்மாள் அங்கேயே சாந்து குழைத்து அவசரமாக ஒரு மூக்கைப் பிடித்து வைத்தாள். அது கொஞ்சம் அகலமாக அமைந்துவிட்டது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இப்ப ரெண்டு பேருக்கும் பொதுவான ஜாடை வந்துருச்சு" என்றாள். நெட்டையனாவது கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் வந்து என் தோளில் கை போட்டு, "தம்பி, இப்பத்தான் நம்ம தாத்தா மாதிரி இருக்காரு" என்றான். மனிதன் நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறான் மச்சான். அதுதான் தாங்க முடியவில்லை.

மிர்சினியோடு வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் வைத்து நான் கேட்டுவிட்டேன், மரத்து மேலிருந்து நீ எந்தப் பிலோக்செனோஸுக்குச் சம்மதம் சொன்னாய் என்று. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தக் கேள்விய இத்தன வருஷமா எங்க வெச்சிருந்தீங்க?"

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பீன்ஸ் நறுக்க ஆரம்பித்துவிட்டாள். அது பதிலா? மறைக்க ஒன்றுமில்லை என்றால் உன்னைத்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆகவே நான் தீர்மானித்துவிட்டேன். உங்கள் பதில் வரும்வரை ஆலிவ் தோப்புக் குடிசையில் தங்கப்போகிறேன். போர்வையும் ரேடியோவும் கட்டி வைத்தாயிற்று. நகரசபை ஆபீஸில் பெயரை மாற்றிக்கொள்ள முடியுமா என்று விசாரிக்கவும் போகிறேன். இந்தப் பெயரைக் கவிஞன் வைத்துக்கொள்ளட்டும், ஓவியன் வைத்துக்கொள்ளட்டும், தின்னி வைத்துக்கொள்ளட்டும், நெட்டையன் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு இதில் மிச்சமென்று ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் மறைக்காமல், தாமதிக்காமல் பதில் எழுத வேண்டும். மொட்டையாகக் கத்தியது உண்மையானால் முதல் விமானத்தில் நேரில் வந்து உங்கள் தங்கையிடம் கேட்டு இதைத் தீர்த்துவைக்க வேண்டும்.

மற்றபடி உங்கள் மனைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசி. மாதா உங்கள் வீட்டுக் கூரைமேல் கை வைத்துக் காக்கட்டும். உங்கள் பிள்ளைகளில் யாராவது பேரனுக்குத் தாத்தா வழிப் பெயர் தேடினால், ஊரில் ஏற்கெனவே யாருக்காவது அது இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்,
வ்ரெத்தோஸ் மகன் பிலோக்செனோஸ்.

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். விமானச் சீட்டு எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் தபால்தலை தேடப் போன நேரத்தில் மிர்சினி இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டாள். என்னை உட்கார வைத்துச் சொன்னாள். ஆமாம், மரத்து மேலே இருந்தபோது நெட்டையன் என்றுதான் நினைத்தாளாம். அன்று சாயங்காலம் நான் அப்பாவோடு வந்து நின்றபோது, வேறு ஆள் வந்திருக்கிறதே என்று சமையலறையில் உங்கள் அம்மாவிடம் சொன்னாளாம், திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று அம்மா கேட்டாளாம். அந்தச் சமயம் நான் உள்ளே உங்கள் அப்பாவிடம், பயத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல், எங்கள் பெரியப்பா மகன் என்னைவிட உயரம், நன்றாகப் பாடுவான், அவன் கேட்டிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன் என்று அவனைப் புகழ்ந்துகொண்டிருந்தேனாம். எனக்குச் சுத்தமாக நினைவில்லை. "பொண்ணு கேக்க வந்த எடத்துல எவனாவது அடுத்தவனப் பத்தி நல்லதா சொல்லுவானா? அப்பத்தான் எனக்கு உங்களப் புடிச்சுது. அதோட சரி, அதுக்கப்புறம் அவரப் பத்தி உங்க வாயில ஒரு நல்ல வார்த்த வந்ததில்ல" என்றாள். அந்தச் சிரிப்பும் வேறொன்றுமில்லையாம். சாயங்காலக் கடற்காற்றில் அவன் குளிராக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, நம் பாஷை மறந்துபோய், நான் ஐஸ்பெட்டி என்றானாம். தோட்டைப் போன வருஷ ஈஸ்டரிலிருந்தே போட்டிருக்கிறாளாம், நான் வாங்கிக் கொடுத்த தோடுதானாம். நேற்று நன்றாகத் தூங்கினேன். ஞாயிறு மத்தியானம் நெட்டையன் சாப்பிட வருகிறான், மீன் நான் சுடுகிறேன். தபால்தலை ஒட்டிவிட்டதால் மட்டும்தான் கடிதத்தை அனுப்புகிறேன்.

அண்ணா, இவர் நாக்கால் உறையை ஒட்டுவதற்கு முன்னால் நான் இந்த மூலையில் ரெண்டு வரி எழுதிக்கிறேன். நீ அன்னிக்கு மொட்டையாக் கத்தல. "வ்ரெத்தோஸ் மகன், குட்டை"ன்னு ரெண்டு தடவ தெளிவாச் சொன்னே, நானும் தெரிஞ்சுதான் சம்மதம்னேன். கல்யாண விருந்துல கத சொல்லும்போதுதான் குட்டைங்கிறத விட்டுட்டே, மாப்பிள்ளை மனசு நோகக் கூடாதுன்னு. இவர் வந்து அவரப் புகழ்ந்தது மட்டும் நிஜம். உங்களத்தான் நெனச்சேன்னு நான் சத்தியம் பண்ணியிருந்தாலும் இவர் நம்பியிருக்க மாட்டார். நெட்டையன்னு சொன்னேன், ஒடனே நம்பிட்டார். நீ ஏதாவது எழுதிக் காரியத்தக் கெடுத்துடாதே. மிர்சினி.